கட்டி, கட்டை

பெயர் ஒய்வா.
தமிழ்க் காதுக்கு அது ஒரு கேள்வி.
ஆமாம், ஓய்வுதான்:
பனி உறைந்த படியில் சறுக்கி
இடுப்பெலும்பு முறிந்து
தகடும் ஆணியும் வைத்துத் தைத்து
ஐந்து நாளாக அசையாத ஓய்வு.

ரோவனியெமி, மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே கெமி ஆறு
இன்னும் மூடித்தான் கிடக்கிறது.
தூலிக்கி போர்வையை விலக்கி
கெண்டைக்காலில் அளவு நாடாவைச் சுற்றுகிறாள்.
வலது முப்பத்து நான்கு.
இடது முப்பத்தெட்டு.
மறுபடி அளக்கிறாள்.
எண் மாறவில்லை, அவள் முகம்தான் மாறுகிறது.
"வலிக்கிறதா?"
"கேட்டால் வலிக்கிறது."

ஸ்கேன் திரையில் ரத்தம் கறுப்பு,
அதை அடைத்துத் தொடைவரை
சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி.
ஒரு துண்டு கழன்றால்
வயிற்றைக் கடந்து
இதயத்தின் வலது வாசலில் நுழைந்து
நுரையீரலின் கிளையொன்றில்
குறுக்கே விழும்.

உறையாமல் இருக்க ஊசி உண்டு.
ஆனால் முந்தாநாள் இரவு
அவர் தார்போலக் கறுப்பாகக் கழித்திருந்தார்.
வயிற்றுப் புண் கசிகிறது.
போட்டால் அங்கே திறக்கும்,
போடாவிட்டால் இங்கே அடைக்கும்.
நடுவில் ஒரு கட்டில்,
ஆறிப்போன காப்பி.

டாக்டர் இங்கெரி தாளில் வரைகிறாள்:
கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாய்,
வயிற்றின் பெருஞ்சிரையில் போய் விரியும்
ஆறு கம்பிக் கால்கள்.
ரத்தம் போகும். கட்டி நிற்கும்.

ஒய்வா பென்சிலைப் பிடுங்கிக்கொள்கிறார்.
முப்பது வசந்தம் இதே ஆற்றில்
மரக்கட்டை ஓட்டியவர்.
"பனி உடைந்ததும்
கட்டைகளைச் சங்கிலியில் கோத்துக்
குறுக்கே மிதக்கவிடுவோம்.
தண்ணீர் அடியில் போய்க்கொண்டே இருக்கும்.
ஆனால் இப்படி நேராகக் கட்டாதே, அறுந்துவிடும்.
போக்கைப் பார்த்துச் சாய்க்க வேண்டும்."
"சாய்ந்துதான் இருக்கும், பாருங்கள்."
பார்த்தார். மூன்று முறை பார்த்தார்.
பிறகு கையெழுத்து.

எழுபத்தொன்றில், வேலி போடாத கிளையாற்றில்,
ஒரே ஒரு பைன் கட்டை, வில்யாமியின் மேல்.
அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.
கழுத்தில் குழாய் இறங்கும்போது
உதட்டுக்குள் அந்தப் பெயர் மட்டும்.
மயக்க மருந்துக்காரி
கடவுளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

மறுநாளே எழுப்பிவிட்டாள் தூலிக்கி.
தாழ்வாரத்தில் பதினேழு அடி,
அடிக்கொரு கெட்ட வார்த்தை.
ஒன்றுகூட அவளுக்குப் புதிதில்லை.
படுக்கையில் கிடக்கும்போதும் விடவில்லை:
"பாதத்தை மடக்கு, நீட்டு. மடக்கு, நீட்டு."
இரண்டு வாரத்தில் புண் ஆறியது,
மாத்திரை தொடங்கியது.
இங்கெரி தன் டைரியில்
ஜூன் ஒன்பதைச் சிவப்பில் வட்டமிட்டாள்.
வைத்த கூட்டை மறந்துவிட்டால்
கூடே ஒருநாள் அடைப்பாகும்.

ஜூனில் ஆறு பழுப்பாக ஓடியது.
அதே கழுத்து, அதே வழி,
கொக்கி மாட்டி இழுத்தாள்.
துணியில் கிடந்தது:
சுருங்கிய கம்பிக் கூடு,
அதில் ஒட்டிய கருஞ்சிவப்பு
காட்டுப்பழத் தோல் அளவுக்கு.

"இவ்வளவுதானா?"
இங்கெரி பதில் சொல்லவில்லை.
அவரும் திரும்பக் கேட்கவில்லை.
வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று மட்டும் கேட்டார்.
விதி இல்லை என்றார்கள்.

வடக்கே போகும் பஸ். மூன்று மணி நேரம்.
ஒய்வாவின் இடது பாதம்
மேலும் கீழும், மேலும் கீழும்.
பக்கத்து இருக்கைப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக்
கடைசியில் கேட்டாள்:
"என்ன, தையல் மெஷின் ஓட்டுகிறீர்களா?"
"இல்லை," என்றார்,
"கட்டை."